இருபத்திரண்டாம் இரவு

ஏப்ரல் 29, 1997, செவ்வாய். எண்ணிக்கை 8

புளித்த மாவே கூடாத பஸ்கா வாரம் முடிந்து வீட்டில் மறுபடியும் ரொட்டி வாசனை. என் மனைவி ஹதாஸா மூன்று வாங்கி வந்தாள், இரண்டை நானே தின்றேன். அவள் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளவில்லை.

எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. மாமாவுக்குத் தொண்டையில் அறுவை நடந்து இரண்டரை மாதம் ஆகிறது. இனிக் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்காவிலிருந்து, சீனாயில் கட்டளை கிடைத்த ஷவுவோத் பண்டிகை வரை நாற்பத்தொன்பது இரவும் ஜெபக்கூடத்தில் முன்னால் நின்று நாளை எண்ணிச் சொன்ன மனிதர், முப்பத்தொரு வருடமாக. பண்டிகை வாரத்தில் ஆளுக்கொரு நாள் சொல்லிச் சமாளித்தோம். இன்று தன் சிலேட்டில் "இனிமேல் பின்ஹாஸ்" என்று எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

பின்ஹாஸ் நான்தான். மூத்த மருமகன். இருபது வருடமாக அதே மூன்றாவது பெஞ்சு.

போய் நின்றேன். துதியைச் சொன்னேன். "இன்று எட்டு நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும்" என்றேன். நாற்பது பேர் என் பின்னால் சொன்னார்கள். ஷவுவோத் அன்று மாமா, முன்னின்று ஜெபம் நடத்தும் தன் இடத்தையே யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார் என்று ஹதாஸா சொல்கிறாள். அப்படியென்றால் இந்த எண்ணிக்கை வெள்ளோட்டம்.

திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது யாயிர். என் சகலை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறான், நான் ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. அவனிடம் யார் கேட்டது?

மே 1, வியாழன். எண்ணிக்கை 10

யாயிரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

வடக்கே, கடல் உறைந்துபோகிற ஏதோ ஊர். அவன் அப்பா மீன் பிடிக்கிறவர். இவன் கப்பலில் எலக்ட்ரீசியன். ஹைஃபா துறைமுகத்தில் கப்பல் பழுதாகி ஒரு மாதம் நின்றதாம், அந்த ஒரு மாதத்தில் இவனுக்குள் ஏதோ பற்றிக்கொண்டதாம். மார்க்க குருக்களான ரப்பிகளின் வாசலில் வருடக்கணக்காக அலைந்து, படித்து, தண்ணீரில் முங்கி எழுந்து யூதனானான். பிறகு என் மச்சினி பெனினாவைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்தில் மாமா பேசியது இன்னும் காதில் இருக்கிறது. சீனாய் மலையடியில் நம் எல்லோருடைய ஆத்மாவும் நின்றபோது இவனுடையதும் நின்றது, நடுவில் வழி தவறிப்போய் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்றார். எல்லோரும் அழுதார்கள். வழி தவறாமல் அங்கேயே நின்றவர்களுக்காக யார் அழுதார்கள்?

கூடத்தில் வேதமான தோராவை வாசிக்க அழைக்கும்போது என்னை "ரூவேனின் மகன்" என்பார்கள். ரூவேன் மெத்தை தைத்தவர், வாயைத் திறந்தால் சண்டை. மார்க்கத்துக்குப் புதிதாக வந்தவனுக்குப் பெற்ற அப்பன் பெயர் சொல்வதில்லை, ஆதித் தகப்பன் பெயர்தான். ஆகவே இவன் "ஆபிரகாமின் மகன்". எனக்கு மெத்தைக்காரர், இவனுக்கு நேராக ஆபிரகாம். எந்த ஊர் நியாயம் இது?

மே 6, செவ்வாய். எண்ணிக்கை 15

தாடி அரிக்கிறது. முப்பத்துமூன்றாம் நாள்வரை கத்தி படக்கூடாது. முன்னொரு காலத்தில் ரப்பி அக்கிவாவின் மாணவர்கள் இருபத்துநாலாயிரம் பேர் இந்த வாரங்களில்தான் கொள்ளைநோயில் செத்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் மதிக்காததால். அவர்களுக்குத் துக்கம் காக்கிறோம். இருபத்துநாலாயிரம் பேரில் ஒருவனுக்குக்கூடச் சகலை இருந்திருக்க மாட்டானா?

இன்று யாயிர் ஒரு கிழவருக்கு எண்ணிக்கையின் விதியை விளக்கிக்கொண்டிருந்தான். நமக்கு நாள் தொடங்குவது பொழுது சாய்ந்ததும்; இரவில் மறந்தவன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்த எண்ணையே எண்ணிவிடலாம், பாதகமில்லை. ஒரு நாள் முழுசாக விட்டுப்போனால் தொடர் அறுந்தது. அப்புறம் எண்ணலாம், துதி சொல்லக் கூடாது. சொன்னால் இறைவன் பெயரை வீணாக எடுத்த பாவம். எல்லாம் சரி. ஆனால் இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்! "சகலை சொன்னது" என்று ஒரு வார்த்தை வந்ததா?

(வந்தது. கடைசியில் சொன்னான். அப்போதும் எரிந்தது.)

மே 12, திங்கள். எண்ணிக்கை 21

இஸ்ரேலின் சுதந்திர தினம். குடும்பத்தோடு பூங்காவில் இறைச்சி சுட்டோம். மூட்டம் போட்டது நான், விசிறியது நான், கண் எரிந்தது எனக்கு. யாயிர் மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மாமா சிலேட்டில் நீளமாக எதையோ எழுதினார். எழுதி எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். "யாயிர் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். என் அப்பா ஜெபிக்கிற மாதிரி இருக்கிறது." பெனினா வாசித்துவிட்டு அழுதாள். ஹதாஸாவும் அழுதாள். அவளுக்கு என்ன வந்தது?

நான் விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "ஏன் மாமா, நான் ஜெபிச்சா எப்படி இருக்கும்?"

மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சிலேட்டைத் துடைத்தார். எழுதினார். "நீ தப்பில்லாமல் படிக்கிறாய்."

மே 13, செவ்வாய்

தப்பில்லாமல் படிக்கிறேனாம். குமாஸ்தாவுக்குச் சொல்வது அது!

இருபது வருடம். மழையில், பனியில், முதுகு பிடித்துக்கொண்ட நாளில், காலை ஐந்து மணி பஸ்ஸை ஓட்டக் கிளம்புவதற்கு முன்னால் போய்ப் பத்தாவது ஆளாக நின்றவன் நான். பத்துப் பேர் கூடினால்தான் கூட்டு ஜெபம்; நான் இல்லாவிட்டால் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு என்ன ஜெபித்திருப்பார்கள்? மாமாவின் அறுவைக்கு ரத்தம் கொடுத்தது நான். அவன் கொடுக்க வந்தான், அவன் வகை சேரவில்லை. அதற்கும் அவனுக்குத்தான் நன்றி சொன்னார்கள், ஓடி வந்தானாம்.

இன்று சாயங்காலம் ஜெபக்கூடம் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஹதாஸா விடவில்லை. "தலைவலியா, வயித்தெரிச்சலா?"

"என்ன சொன்ன?"

"காதுல விழுந்துச்சுல்ல. அப்பா ஒரு வார்த்தை எழுதிட்டாருன்னு மூணு வயசுப் பிள்ளை மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. அங்க நாப்பது பேரு உங்களுக்காகக் காத்திருப்பாங்க."

"காத்திருக்கட்டும். ஆபிரகாமோட மகன் இருக்கான்ல, அவன் சொல்வான்."

"நல்லாத்தான் சொல்வான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சொந்தப் பெண்டாட்டி!

சாப்பிடவில்லை. மணி ஒன்பதுகூட ஆகவில்லை, படுக்கப்போகிறேன். யாரும் எழுப்ப வேண்டாம்.

மே 14, புதன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் மூன்று மணி. சந்தை நிறுத்தத்தில் யாயிர் பஸ்ஸில் ஏறினான், தோளில் கருவிப் பை. உள்ளே போய் உட்காராமல் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தலைவலி தேவலையா சகலை? நேத்து என்னைச் சொல்லச் சொல்லிட்டாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

"ம்."

"இன்னைக்கு எத்தனை சகலை?"

"இருபத்தொண்ணு."

குனிந்து, மெதுவாக, "இருபத்திரண்டு இல்லையா?" என்றான். "வாயால ஒரு தடவை சொல்லிடுங்களேன். இருபத்திரண்டுன்னு. பொழுது இருக்கே இன்னும்."

அந்த மெதுவான குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்குச் சொல்லித்தருகிறான், எனக்கு! கண்ணாடியில் பார்த்தேன், முன்சீட்டுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தினேன்.

"எனக்கு நீ கத்துக்குடுக்கிறியாடா? நான் இதை எண்ண ஆரம்பிச்சப்போ நீ பன்னிக்கறி தின்னுக்கிட்டு இருந்த!"

யாயிரின் காது இரண்டும் சிவந்துபோயின. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். அது அவன் இறங்க வேண்டிய இடமில்லை.

வந்து சேர்ந்தவனிடம் அவன் பழசைச் சொல்லிக் காட்டாதே என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கட்டளை. அந்நியனை நோகடிக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய். தோராவில் முப்பத்தாறு இடத்தில் இதைச் சொல்லியிருப்பதாக எண்ணிவைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் முன்னால்தான், பஸ்கா இரவில், எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்று பாடினோம். நான்தான் சத்தமாகப் பாடினேன்.

சாயங்காலம் கூடத்தில் முன்னால் போய் நின்றேன். சுவரில் தொங்கும் எண்ணிக்கைப் பலகையில் 23. யாரோ தப்பாக மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலை மடக்கினேன். திங்கள் இருபத்தொன்று, நான் சொன்னேன். செவ்வாய்...

செவ்வாய் நான் போகவில்லை. வீட்டிலும் எண்ணவில்லை. நோட்டில் பக்கம் பக்கமாக அவனைத் திட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். இன்று பகல் முழுக்க பஸ்ஸில். பஸ்ஸில் "ஆமா, இருபத்திரண்டு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட எண்ணியதாகியிருக்கும். அவன் அதைத்தான் எனக்குக் கையில் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் முளைத்துவிட்டது.

நாற்பது பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். துதி சொன்னால் பாவம். சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

அப்போது பின்னாலிருந்து அவன் குரல். "சகலை, இன்னைக்கும் நானே சொல்றேனே! நேத்து சொன்ன ருசி நாக்குல நிக்குது."

சிலர் சிரித்தார்கள். ஊறுகாய்க் கடை கெதல்யா, "பாருய்யா, ஒரு நாள் சொன்னதுக்கே பயலுக்கு வாய் ஊறுது" என்றான். யாயிர் என்னைத் தாண்டி வந்து நின்று துதி சொன்னான். ஆமென் சொன்னால் எனக்கும் சேரும். சொன்னேன்.

அவனுக்குத் தெரியும். என்னை மாட்டவைத்துவிட்டான்.

மே 15, வியாழன். 24 (துதி இல்லாமல்)

இன்றும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறான்?

மே 20, செவ்வாய். 29

தினமும் நான் முன்னால் நடப்பதும், அவன் பின்னாலிருந்து "நான், நான்" என்று ஓடி வருவதும். கூடத்தில் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. இன்று மாமா சிலேட்டில் எழுதி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "உனக்குப் பொறுக்கத் தெரியாதா?"

யாயிர் தலையைச் சொறிந்தான். "தப்புதான் மாமா" என்றான். மறுபடியும் வந்து நின்றான்.

வெளியே வந்ததும் கெதல்யா சத்தமாக, அவன் காதில் விழ வேண்டும் என்றே சொன்னான். "நேத்து வந்தவனுக்கு முன்வரிசை கேக்குது. பாவம் பின்ஹாஸ், தங்கமான மனுசன், வாயத் தொறக்கிறானா பாரு."

தங்கமான மனுசன் வாயைத் திறக்கவில்லை. இனித்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இனித்தது.

மே 25, ஞாயிறு. 34

காலையில் தாடி எடுத்தேன். கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை.

பெனினா வந்து ஹதாஸாவிடம் அழுதுவிட்டுப் போனாளாம். "எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்கக்கா. அப்பா முகம் குடுத்துப் பாக்கிறதில்ல. ஏன் இப்படி அடம் பிடிக்கிறீங்கன்னு கேட்டா, 'எனக்குக் கொஞ்சம் பேராசை'ன்னு சிரிக்கிறாரு."

ஆக, கட்டினவளிடம்கூடச் சொல்லவில்லை. என்னை மாட்டவைக்கவில்லை அவன். என்னை மறைத்துக்கொண்டு நிற்கிறான். பன்னிக்கறி என்று நான் கத்திய அதே நாளிலிருந்து.

இதைப் புரிந்துகொண்டதும் மனசு இளகியிருக்க வேண்டும். இல்லை. இன்னும் மோசமாக எரிகிறது. குரல் அவனுக்கு, ஆபிரகாம் அவனுக்கு, மாமாவின் கண்ணீர் அவனுக்கு. இப்போது நல்லவன் என்கிற இடத்தையும் எடுத்துக்கொண்டான். எனக்கு என்னதான் விட்டுவைத்திருக்கிறான்? அவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்! ஆண்டவனே, நான் என்ன பிறவி?

ஜூன் 1, ஞாயிறு. 41

அவன் சொன்னான். ஆமென்.

ஜூன் 4, புதன். 44

ஜெபம் முடிந்ததும் மாமா எங்கள் இருவரையும் நிறுத்திவைத்தார். எல்லோருக்கும் முன்னால் சிலேட்டில் எழுதினார். சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது, அவ்வளவு கோபம்.

"நாளை முதல் பின்ஹாஸ் மட்டும். யாயிர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். பண்டிகையிலிருந்து என் இடமும் பின்ஹாஸுக்கு."

யாயிர் என்னைப் பார்த்தான். "சரி மாமா" என்றான். கெதல்யா என் முதுகில் தட்டினான்.

கிடைத்துவிட்டது. இருபது வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது.

இன்னும் ஐந்து இரவு. துதியைச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒருவனுக்குத் தெரியும். வீணாகச் சொன்ன துதிக்கு ஆமென் சொல்லக் கூடாது என்பதும் விதி. நாற்பது பேர் ஆமென் என்பார்கள், கடைசி பெஞ்சில் ஒரு வாய் மட்டும் மூடியிருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல. விதியை மீற மாட்டான் என்பதால். எனக்கு அவனை அவ்வளவு நன்றாகத் தெரிந்துபோய்விட்டது.

சொல்லலாமா? ஐந்தே இரவு. ஐந்தே ஐந்து.

ஜூன் 5, வியாழன். 45

முன்னால் போய் நின்றேன். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். யாயிர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், எனக்காக வெட்கப்படுகிற மாதிரி.

துதி சொல்லவில்லை. "இன்று நாற்பத்தைந்து நாள், அதாவது ஆறு வாரமும் மூன்று நாளும்" என்றேன். அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெதல்யாதான் முதலில் வாயைத் திறந்தான்.

"துதி எங்கப்பா?"

"எனக்கில்ல. விட்டுப்போச்சு."

"எப்போ?"

"இருபத்திரண்டு."

கெதல்யா மூன்று விரலை மடக்கினான். நான்காவதை மடக்காமல் அப்படியே நின்றுவிட்டான். "இருபத்திரண்டுன்னா... அதுக்கு மறுநாளுல இருந்துதானே இந்தப் பய..." என்று பின்னால் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள். யாயிருக்கு மறுபடியும் காது சிவந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். பஸ்ஸில் சொன்ன வார்த்தையை அப்படியே, அசிங்கத்தோடு, திரும்பச் சொன்னேன். அன்றைக்குப் பஸ்ஸில் இருந்தவர்களை இனி எங்கே போய்ப் பிடிப்பேன்? கெதல்யா தரையைப் பார்த்தான்.

மாமா எழுந்து வந்தார். கையில் சிலேட்டு இல்லை. யாயிரின் கையைப் பிடித்து, கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார். நான் விலகி நின்றேன். போகிற போக்கில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே சந்தில் மன்னிப்புக் கேட்டேன். யாயிர் நிற்காமல் போய்விட்டான்.

ஜூன் 8, ஞாயிறு. 48

மன்னிப்பை மூன்று முறை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் வீட்டு வாசலில் கேட்டேன். "இப்ப வேணாம் சகலை, எண்ணெய் காயுது" என்று கதவைச் சாத்தினான். மகாத்மா என்று நினைத்தேனே! மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இன்று மூன்றாவது முறை. ஏணியில் நின்று ஒரு கடைக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கீழே நின்று கேட்டேன். இறங்கி வந்தான்.

"அந்த வார்த்தை வலிச்சுது. இன்னும் வலிக்குது. எங்க அப்பா மீன்தான் தின்னாரு. அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும்."

"நீங்க நினைக்கிற மாதிரி நான் நல்லவனும் இல்ல. உங்களுக்காகத்தான் ஓடி வந்தேன், சரி. ஆனா அங்க நின்னதும் இறங்க மனசு வரல. மாமா திட்டினாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு. அந்த இடம் எனக்கு வேணும் சகலை. முதல் நாளுல இருந்தே வேணும்."

"எனக்கும்தான்."

"உங்களுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா பேரெல்லாம் தெரியுது. எல்லாரும் ஒரே மெட்டுல பாடினவங்க. நான் எங்க போய் வாங்குறது அதை? உங்களப் பாத்தா சில நாள் பத்திக்கிட்டு வரும் எனக்கு."

என்னைப் பார்த்து! மெத்தைக்காரர் மகனைப் பார்த்து! நடுத்தெருவில் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். "மன்னிச்சாச்சு" என்றான், ஒரு கையில் பல்பை வைத்துக்கொண்டு.

ஜூன் 12, வியாழன்

நேற்று ஷவுவோத். மாமா தன் இடத்தை யாயிருக்குக் கொடுத்தார். அவன் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுச் சட்டை, அகலமான சிரிப்பு, பெனினா பெண்கள் மாடத்தில் நின்று கண்ணைத் துடைக்கிறாள். எனக்கு நெஞ்சு காந்தியது. இல்லை என்று எழுதினால் பொய்.

பத்துக் கட்டளை வாசித்தோம், எல்லோரும் எழுந்து நின்று. பத்தாவதில் பிறனுடைய வீடு, மனைவி, மாடு, கழுதை என்று எதற்கெல்லாம் ஆசைப்படக்கூடாது என்று பட்டியலே இருக்கிறது. ஹதாஸா மாடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாயிர் பண்டிகைத் துதியை ஆரம்பித்தான். நடுவில் ஒரு சொல் அவன் நாக்கில் சிக்கியது. எனக்கென்றால் சிக்கியிருக்காது. பொறுத்துக்கொண்டு நின்றேன். அவன் சிக்கெடுத்துக்கொண்டு முடித்தான், முடித்த கணத்தில் கூடத்தில் முதல் ஆமென் என்னுடையது. கெதல்யாவுக்கும் முன்னால், மாமாவின் உதடு அசைவதற்கும் முன்னால். அதிலாவது முந்திக்கொண்டேன்.